என் ஆட்டோவில் ஏறிய கடல்பாசி

புற்றுநோய்க்கு மருந்து தேடுகிற வேலையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் எங்கள் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் படிப்பு மூன்றாம் வகுப்பு வரைதான். அதிலும் இரண்டாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனம் வராமல் மறுபடியும் அங்கேயே உட்காரவைத்தார். பஸ் போர்டு படிப்பேன், சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர் படிப்பேன். கையெழுத்தும் போடுவேன். போட்டதையே இன்னொரு தடவை அதே மாதிரி போடச் சொன்னால்தான் பேங்க்காரருக்கும் எனக்கும் சண்டை வரும்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். கடலுக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் ஓட்டியும் கடலில் கால் வைத்ததில்லை. எங்கள் ஆட்கள் படாளம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். தண்ணீர் என்றால் எங்களுக்குக் கணுக்கால் அளவுதான். முட்டிக்கு மேல் வந்தால் அது வெள்ளம், ரேஷன் கடையில் நிவாரணம் கொடுப்பார்கள்.

பொங்கல் முடிந்த சமயம். காலையில் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் சவாரிக்கு நின்றிருந்தேன். ஒரு பெண், இரண்டு கையிலும் மூடி போட்ட பக்கெட், முட்டி வரைக்கும் நனைந்த பேன்ட், செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொரு ஆட்டோவாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கெட்டை மோந்து பார்த்ததும் எல்லாரும் கையை விரித்தார்கள். எனக்கு மூக்கு சரியாக வேலை செய்யாது. தலை வேலை செய்யாதது ஊருக்கே தெரியும், மூக்கு விஷயம் எனக்கும் என் சம்சாரத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

"அண்ணா, அணுபுரம் வருவீங்களா?"

"வர்றேம்மா. பக்கெட்ல இன்னா, மீனா?"

"இல்லண்ணா. கடல்பாசி."

"ரம்ஜானுக்குப் பால்ல போட்டு கட்டி கட்டியா செய்வாங்களே, அதுவா?"

"அது வேற பாசிண்ணா. இதுல கேன்சருக்கு மருந்து ஏதாவது கிடைக்குமான்னு பாக்குறேன்."

நான் ஸ்டார்ட் பண்ணிய வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். என் ஆட்டோவில் கல்யாணப் பெண் ஏறியிருக்கிறாள், காணாமல் போன ஆடு ஏறியிருக்கிறது. கேன்சர் மருந்து ஏறுவது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்தப் பெண்ணின் அப்பா அணுபுரம் குடியிருப்பில் இருக்கிறார், நாகர்கோவில்காரர். பெண் கேளம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறது. ஊசி போடும் டாக்டர் இல்லையாம், வேறு டாக்டராம். நான் அதைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான். அன்றைக்கு பக்கெட் தளும்பிப் பின்சீட்டு முழுக்க ஊறிப்போனது. அப்புறம் ஒரு வாரத்துக்கு என் வண்டியில் ஏறியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அதிலிருந்து பாசி சவாரி என்றால் பாப்பா எனக்குத்தான் போன் போடும். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, மீனவர்கள் குப்பத்தைத் தாண்டி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளுக்குப் போவோம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போகவேண்டும். வற்றினால் பாறை வெளியே தெரியும், அதன் மேல் பழுப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பாசி படுத்திருக்கும். நடுநடுவே சுண்டைக்காய் சைஸில் காற்றடைத்த பைகள். அமுக்கினால் பட்டென்று வெடிக்கும். நான் வெடித்து வெடித்து விளையாடியதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அது என்னோட மூணு வருஷம்" என்றது பாப்பா. கையை எடுத்துவிட்டேன்.

"ஏம்மா, ஒலகத்துல இத்தினி செடி கீது. இந்த வழவழப்புல இன்னா மருந்து இருக்கப்போவுது?"

"இதுக்கு ஓடத் தெரியாதுண்ணா. பாறையப் புடிச்சிக்கிட்டு நிக்கும். வெயில் சுடும், அலை அடிக்கும், மீன் கடிக்கும், கிருமி வந்து ஒட்டும். தப்பிச்சுப் போக முடியாததால உள்ளுக்குள்ளயே என்னென்னமோ தயார் பண்ணி வச்சுக்கும். அதுல ஏதாவது ஒண்ணு கேன்சர் செல் பெருகாமத் தடுக்குமான்னுதான் உலகம் பூரா பாக்குறாங்க."

"ஒரே எடத்துல நின்னுகினு, எல்லா அடியும் வாங்கிகினு, உள்ளுக்குள்ள மருந்து காச்சிகினு கீது. என் பொண்டாட்டி மாரின்னு சொல்லு."

"அக்கா பாவம்ணா" என்று பாப்பா சிரித்தது.

அதன் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. போன சீசனில் இதே பாறையில் எடுத்த பாசியை அரைத்து, சாராயம் மாதிரி ஒன்றில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்துத் தார் மாதிரி ஒரு பிசினாக்கி, ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் கேன்சர் செல் மேல் விட்டிருக்கிறது. செல் செத்திருக்கிறது. பாப்பா குதித்திருக்கிறது. ஆனால் அதற்குப் பாடம் சொல்லும் மேடம் ஒரே வார்த்தையில் உட்காரவைத்துவிட்டார்: ஒரு தடவை நடந்தால் அது தற்செயல், புதுப் பாசி எடுத்து மறுபடி செய்து காட்டு. மாசி கடைசியில் பெரியவர்கள் கூடும் மீட்டிங் இருக்கிறது. அதற்குள் காட்டாவிட்டால் இந்தப் பாசியை மூடிவைத்துவிட்டு வேறு தலைப்பு எடுக்கவேண்டும். வெயில் ஏறினால் பாறையில் பாசியும் இருக்காது.

பாப்பாவுக்கு இதுதான் எல்லாமே என்று எனக்குப் புரிந்தது. எனக்கு என்னவோ நானே பரீட்சை எழுதப்போகிற மாதிரி ஆகிவிட்டது. பரீட்சை எழுதிப் பழக்கமில்லாதவன் இல்லையா, கலக்கம் கூடுதலாகவே இருந்தது.

சரி, பாசி எடுத்தாச்சு, எங்கே காயவைப்பது? நல்ல தண்ணீரில் உப்பும் மண்ணும் போக அலசி, வெயில் படாமல் நிழலில் உலர்த்தவேண்டும். முதல் தடவை பாப்பா தன் வீட்டு பால்கனியில் விரித்திருக்கிறது. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு மூன்றும் சேர்ந்து புகார் கொடுத்துவிட்டார்களாம், எலி செத்துக் கிடக்கிறதென்று. நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

"எங்க வூட்டுப் பின்னால ஷெட் கீது. ஆட்டோ நிக்கிற எடம். வெயிலே வராது. எங்க தெருவுல எலி செத்தா எவனும் புகார் குடுக்க மாட்டான், எடுத்து வீசிட்டுப் போயிகினே இருப்பான்."

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பக்கெட்டுகளை வீட்டில் இறக்கியதும் பாப்பாவுக்குக் கல்லூரியிலிருந்து போன், முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க உடனே வரச்சொல்லி. பாப்பாவை பஸ் ஏற்ற நான் கிளம்பினேன். என் சம்சாரத்துக்கு அன்றைக்கு விடுமுறை. கேளம்பாக்கத்தில் ஒரு ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவளுக்கு. கண்ணாடிக் கட்டடத்தில் ஐந்து மாடி துடைக்கிறவள். அவள் கண்ணுக்கு அழுக்கு தப்பாது, நான் மட்டும்தான் எப்படியோ தப்பி அவள் கழுத்தில் தாலி கட்டிவிட்டேன்.

"அக்கா, நல்லா அலசி நிழல்ல போட்டாப் போதும்க்கா."

"நீ போ கண்ணு. நான் சுத்தமா பண்ணி வைக்கிறேன்."

சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது ஷெட்டில் பழைய புடவை விரித்து, அதன் மேல் பாசியைப் பிரித்துப் பிரித்து, அப்பளம் காயவைக்கிற மாதிரி அழகாகப் பரப்பியிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி, நாத்தமே இல்ல" என்றாள். என் சம்சாரம் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். அந்த நிமிர்வைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். எனக்கு எதுதான் நேரத்துக்கு வந்திருக்கிறது?

காய்ந்ததை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாசி பிறந்த சமயம் ஒரு மத்தியானம், திருக்கழுக்குன்றம் ஸ்டாண்டில் நாஸ்தா கடை வாசலில் நிற்கும்போது போன் வந்தது.

"அண்ணா! செத்துடுச்சுண்ணா! போன தடவையவிட சூப்பரா சாவுது! தட்டுல ஊதாவே இல்லண்ணா!"

உயிரோடு இருக்கிற செல்லில் ஒரு சாயம் விட்டால் அது ஊதாவாக மாறுமாம். செத்த செல்லில் மாறாது. ஊதா குறைந்தால் நமக்குத் திருவிழா. ஊதாவே இல்லையென்றால் தேர்த் திருவிழா.

போனை வைத்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நாஸ்தா கடை பெஞ்சு மேல் ஏறி நின்று, "டேய், நம்ம ஆட்டோவுல போன பாசி கேன்சர சாவடிச்சிச்சுடா!" என்று கத்தினேன்.

"ஒன் ஆட்டோவுல போனா எதுவுமே பொழைக்காது மச்சான்" என்றான் ஒருத்தன்.

"மருந்துக்கு ஒன் பேரு வைப்பாங்களா?" என்றான் இன்னொருத்தன். "வச்சா நோயாளி அந்தப் பேரக் கேட்டே எழுந்து ஓடிப்புடுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் சிரிக்கவில்லை. எனக்கு அடுத்த வண்டி அவருடையது, நான் அண்ணாத்த என்று கூப்பிடுகிறவர். அவருடைய அக்காவுக்கு மார்பில் கட்டி, சென்னை பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "த பாரு, அந்தப் பாசி ஒரு கைப்பிடி கெடைக்குமா? அரைச்சுக் குடுத்துப் பாக்கறேன்" என்றார்.

பெஞ்சு மேல் ஏறினவனுக்குக் கீழே இறங்கி நிற்கவே கால் கூசியது. பாப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். போனிலேயே பாப்பாவின் குரல் மாறிவிட்டது.

"வேண்டவே வேண்டாம்ணா. ஆஸ்பத்திரி மருந்த ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னு சொல்லுங்க. இது தட்டுல இருக்குற செல்லுக்கு மட்டும்தான். தட்டுல செல்லு செத்தா உடம்புக்குள்ளயும் சாகும்னு அர்த்தமே இல்ல. இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு."

அதையே அண்ணாத்தையிடம் சொன்னேன். அவர் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா மைசூர்பாக் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. முகத்தில் பல்பு எரிந்தது. மேடம் அந்த ரிசல்ட்டை மீட்டிங்கில் காட்டப்போகிறாராம். ஒரு விஷயம் மட்டும்தான் மேடத்துக்குப் புரியவில்லையாம்: போன சீசனை விட இது ஏன் இத்தனை பலமாக இருக்கிறது, பிசினின் நிறம் ஏன் கொஞ்சம் பொன் மாதிரி மின்னுகிறது?

என் சம்சாரம் மைசூர்பாக்கைக் கடித்துக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்:

"எல்லாம் சுத்தத்துலதான் கண்ணு கீது. எத்தினி தண்ணி ஊத்தியும் கவுச்சி போவல. அப்பறம் மீன் கழுவற மாரி கல்லுப்பு போட்டுத் தேச்சி, மஞ்சாத்தூள் போட்டு நல்லா பெசறி ஊறவுட்டுத்தான் அலசுனேன். அப்பத்தான் நாத்தம் போச்சி."

பாப்பா கையிலிருந்த மைசூர்பாக் வாய்க்குப் போகாமல் நடுவழியிலேயே நின்றது.

"மஞ்சத்தூளாக்கா?"

"கடையில வாங்குன தூளு இல்ல கண்ணு. நானே கெழங்கு வாங்கி அரைச்சது."

எங்கள் வீட்டில் கடலிலிருந்து எது வந்தாலும் மஞ்சள் படாமல் உள்ளே போகாது. மீன், இறா, நண்டு, எல்லாம். அவளைப் பொறுத்தவரை பாசியும் கடல்காரன், விசாரணை இல்லாமல் விடமுடியாது. அதில் தப்பு என்ன என்று எனக்கும் விளங்கவில்லை. பாப்பா சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னபோதுதான் விளங்கியது. தட்டில் இருக்கிற கேன்சர் செல்லை மஞ்சளே போட்டுத் தள்ளுமாம். அது ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய கதையாம். போதாததற்கு அந்த மஞ்சள் நிறம் சாயம் அளக்கிற மெஷினையே ஏமாற்றுமாம். அப்படியென்றால் செத்தது பாசியாலா, மஞ்சளாலா? யாருக்கும் தெரியாது. ரிசல்ட் குப்பைக்கு.

என் சம்சாரம் வாயில் இருந்த இனிப்பை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். "நான் கெடுத்துட்டனா?" என்றாள் என்னைப் பார்த்து. என்னைப் பார்த்து அவள் அந்தக் கேள்வி கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் கெடுக்கிற டிபார்ட்மெண்ட் என்னுடையது.

அறிவு இல்லாதவன் யோசனை சொல்ல ஆரம்பித்தால் ஊர் தாங்காது. நான் ஆரம்பித்தேன்.

"பாப்பா, மஞ்சா போட்டது யாருக்குத் தெரியும்? எனக்கு, ஒனக்கு, இவளுக்கு. நான் வாயத் தொறக்க மாட்டேன். மீட்டிங் முடியட்டும். கம்முனு வுட்டுடு."

"அண்ணா, நீங்க வாயத் தொறக்க மாட்டீங்களா? பெஞ்சு மேல ஏறினது யாரு?"

"அது சந்தோசம்மா. இது ரகசியம்."

பாப்பா சிரிக்கவில்லை. "உங்க பக்கத்து வண்டிக்காரர் அக்கா இருக்காங்கள்ல? நாளைக்கு இத நம்பி இன்னொருத்தர் மேல மேல ஆராய்ச்சி பண்ணுவாங்க. அதுக்கும் மேல இன்னொருத்தர். கடைசியா அந்த அக்கா மாதிரி யாராவது வந்து நிப்பாங்க. அப்ப அங்க பாசியே இருக்காதுண்ணா, மஞ்சள்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டது. போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டது. நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"மேடம், அந்த ரிசல்ட் செல்லாது மேடம். பாசிய மஞ்சத்தூள் போட்டுக் கழுவியிருக்காங்க."

"யாரு?" என்று ஒரு குரல், பரீட்சை ஹாலில் கேட்கிற மாதிரி.

என் சம்சாரம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போன் பக்கம் குனிந்தாள். "நான்தாங்க மேடம். பாப்பா மேல தப்பில்லீங்க."

"எவ்வளவு மஞ்சள் போட்டீங்க?"

"கை நெறையங்க. அதுக்கு மேல கல்லுப்பு. கடைசியா லேசா புளித்தண்ணி."

"புளியுமா?"

"ஒரு அலசுதாங்க மேடம்."

அப்புறம் ஒரு வினோதமான சத்தம் கேட்டது. மேடம் அழுகிறார் என்று நான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "குழம்பு வைக்காம விட்டீங்களேம்மா" என்றார்.

சிரித்து முடித்ததும் குரல் மறுபடி பரீட்சை ஹாலுக்குப் போனது. மீட்டிங் தள்ளிப்போகாது. உடனே போய்ப் புதுப் பாசி எடுக்கவேண்டும். அதில் பாதியை வெறும் தண்ணீரில் மட்டும் அலசவேண்டும். மீதிப் பாதியை இந்த அம்மா தன் கைமுறைப்படியே கழுவவேண்டும். தனியாக அவங்க வீட்டு மஞ்சள் கொஞ்சம் வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் வேலை செய்தது என்று தெரிந்துவிடும். போனை வைக்கும் முன், "சொன்னதுக்கு நன்றி" என்றார். பாப்பாவிடம் சொன்னாரா, என் சம்சாரத்திடம் சொன்னாரா தெரியவில்லை. என்னிடம் இல்லை, அது மட்டும் உறுதி.

அமாவாசையை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் என்று காத்திருந்து, விடிந்ததும் பாறைக்குப் போனோம். இந்தத் தடவை என் சம்சாரமும் வந்தாள். கம்பெனியில் சூப்பர்வைசரிடம், "ஒரு பொண்ணு படிப்பு விசயம்" என்று சொல்லி லீவு வாங்கியிருந்தாள்.

போய்ப் பார்த்தால் பாறை மொட்டை. மாசி வெயில் வேலையைக் காட்டியிருந்தது. கொத்துக் கொத்தாக இருந்த இடத்தில் வெளுத்துப்போன வால் மாதிரி அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பாப்பா ஒவ்வொரு பாறையாகத் தாவித் தாவிப் பார்த்தது. கிடைத்ததில் பக்கெட்டின் அடிகூட மறையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பாப்பாவுக்கு வேறு தலைப்பு. இவளுக்கு ஆயுசு முழுக்க மனசுக்குள் முள்.

"அந்தப் பக்கம் பாத்தியா கண்ணு? அலை அடிக்கிற பக்கம்?" என்றாள் என் சம்சாரம்.

"அங்க வழுக்கும்க்கா. நான் போனதில்ல."

"அஞ்சு மாடிக்கும் சோப்புத் தண்ணி ஊத்தி அது மேலயே நடக்கறவ நான். எனக்கு இன்னா வழுக்கல்?" என்று புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். உச்சியில் போய்க் குனிந்தவள் கத்தினாள்: "யோவ்! பாப்பா! காடு மாரி கீதுடி இங்க!"

நிழல் விழும் பக்கம், அலை ஓயாமல் நனைக்கிற இடத்தில், பழுப்புப் பாசி தலைமுடி மாதிரி அடர்ந்து கிடந்தது. அலை வரும்போது எழுந்து, போகும்போது படுத்தது. பாப்பா போட்ட சத்தத்தில் மீன்கொத்தி ஒன்று பறந்தே போய்விட்டது. ஆண்பிள்ளை நான் சும்மா நிற்கலாமா? வீரமாகப் பக்கெட்டோடு ஏறினேன். இரண்டாவது அடியில் பாறை என்னை விட்டுவிட்டது. இடுப்பளவு தண்ணீர்தான், ஆனால் நான் கொடுத்த கூச்சலுக்கு நடுக்கடலே பத்தாது. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கரையிலிருந்து குரல் கொடுத்தார்:

"அண்ணாத்த, எழுந்து நில்லு! காலு தரையிலதான் கீது!"

நின்றேன். கூச்சலும் நின்றது. பக்கெட் மட்டும் மிதந்து போனது. அதை என் சம்சாரம் பிடித்தாள். என்னைப் பிடிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு அலசுகிற வேலையைப் பாப்பா கூடவே உட்கார்ந்து பார்த்தது. வெறும் தண்ணீர்ப் பாசியை அலசும்போது என் சம்சாரத்தின் கை தானாக மஞ்சள் டப்பா பக்கம் போனது. "அக்கா!" என்று பாப்பா அதட்டியது. "பழக்கம்டி, பழக்கம்" என்று கையை இழுத்துக்கொண்டாள். ஷெட்டில் இரண்டு புடவை விரித்தோம். ஒன்றில் வாசனை இல்லாத பாசி, இன்னொன்றில் தெருவே மூக்கைப் பிடிக்கிற பாசி. அந்த நாற்றம்தான் எங்கள் நம்பிக்கை. பக்கத்து வீட்டு அம்மா திட்டத் திட்ட எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் காத்திருப்பு. அரைத்தார்களாம், ஊறுகிறதாம், வடிகிறதாம். நான் நடுவில் பத்துத் தடவை போன் போட்டேன். "அண்ணா, பாசிய அவசரப்படுத்த முடியாதுண்ணா" என்றது பாப்பா. வீட்டில் இவள் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டாள். மஞ்சளைப் பார்த்தாலே குற்றவாளி மாதிரி முகம் திருப்பினாள்.

மீட்டிங்குக்கு முன்தினம் காலையில் பாப்பா போன் செய்து, "அண்ணா, இன்னைக்குச் சாயம் விடுறேன், வாங்க" என்றது. என்னை எதற்குக் கூப்பிட்டது என்று தெரியாது. பயமாக இருந்திருக்கும். பயப்படுகிறவர்கள் பக்கத்தில் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறவன் ஒருத்தன் நின்றால் கொஞ்சம் தைரியம் வரும்.

கல்லூரி ஆய்வகத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலுக்கு நீல உறை, தலைக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன், ரொட்டிக் கடை மாஸ்டர் மாதிரி இருந்தேன். செல் வளர்க்கிற அறைக்குள் விடவில்லை. வெளியே ஒரு டிவி இருந்தது, உள்ளே மைக்ராஸ்கோப்பில் தெரிவது அதில் தெரியும். மருந்து படாத கேன்சர் செல்லை முதலில் காட்டியது பாப்பா. நெருக்கமாக, ஒன்றோடொன்று ஒட்டி, தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பண்டிகைக்கு முதல் நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தன. அடுத்தது மஞ்சள் மட்டும். பாதிக்குமேல் காலி. அடுத்தது மஞ்சளோடு பாசி. பஸ்ஸே காலி.

"இப்ப வெறும் பாசிண்ணா" என்றது பாப்பா, அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து.

திரை மங்கலாகி, தெளிவானது. பிடித்துக்கொண்டிருந்த செல்கள் பல பிடி விட்டு உருண்டையாகச் சுருங்கி மிதந்தன. எல்லாம் இல்லை. இன்னும் நிறைய ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பஸ்ஸில் நன்றாகவே இடம் கிடைத்தது. பாப்பா சாயம் விட்ட தட்டை மெஷினில் வைத்தது. ஊதா இருந்தது, மருந்து படாததில் இருந்த ஊதா இல்லை. வந்த கணக்கைப் போன சீசன் கணக்கோடு ஒப்பிட்டது. இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

மேடம் வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். என்னைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம். அப்புறம், "நாளைக்கு இதக் காட்டு. மஞ்சள் கதையையும் சேர்த்துச் சொல்லு. அடுத்த சீசன்ல மறுபடி செய்யணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாம்மா இது? இத்தினி பேஜார் பட்டு எடுத்தா, ஒரு சபாசு இல்ல, மறுபடி செய்யின்னுட்டுப் போவுது!"

பாப்பாவின் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "அண்ணா, நம்பலன்னா தலைப்ப மாத்தச் சொல்லியிருப்பாங்க. மறுபடி செய்னு சொன்னா பாசி என்கிட்டயே இருக்குன்னு அர்த்தம்!"

உடனே என் சம்சாரத்துக்குப் போன் போட்டேன். அவள் கம்பெனி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். "செத்துடுச்சுமே! மஞ்சா இல்லாமலே செத்துடுச்சு!" என்று வராந்தா அதிரக் கத்தினேன். அந்தப் பக்கம் வாளி விழுந்த சத்தம் கேட்டது, அப்புறம் லைன் கட்.

கொஞ்ச நேரத்தில் யூனிஃபார்மோடேயே ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்தாள். கல்லூரி கேட்டுக்கே ஓடிவந்த பாப்பா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் "செத்துடுச்சு, செத்துடுச்சு" என்று குதிப்பதும் அழுவதும், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி குதிப்பதுமாக இருந்தார்கள். நான் தொப்பியையும் கால் உறையையும் கழற்ற மறந்து நடுவில் நின்றேன்.

கேட் செக்யூரிட்டி பெரியவர் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாருப்பா தவறிட்டாங்க?"

"பேரு தெரியாது அண்ணாத்த" என்றேன். "ஆனா ரொம்பப் பேரு."